பதினாறு கோடுகள்

ஜூன் 9, ஞாயிறு

ஐநூற்றுப் பதினோரு கிலோ. அதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசுகள் நான்கை இரவல் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து வண்டியை நிறுத்தோம். இரண்டு வருட வேலை. பழைய கார் ஒன்றின் இன்ஜின், இரும்புக் குழாய்ச் சட்டம், இரண்டு இருக்கைக்கான இடத்தில் ஒன்று. கூரை இல்லை. கதவு இல்லை. அண்ணன் வெல்டிங் வைத்தான். நான் எடையைக் குறைத்தேன். ஒவ்வொரு பாகத்தையும் அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்து நோட்டில் எழுதினேன். கண்ணாடியைத் தாங்கும் தகடு 140 கிராம். துளை போட்ட பிறகு 85.

ஆவாரம்பாளையம் ஷெட்டுக்கு வருகிறவர்கள் அண்ணன் பெயரைச் சொல்லி 'தரணி கட்டுன கார்' என்கிறார்கள். நான் அவர்களுக்கு டீ கொண்டுபோகிறேன்.

மாலையில் இருக்கை ஊற்றினோம். பெரிய குப்பைப் பைக்குள் இரண்டு ரசாயனங்களைக் கலந்து ஊற்றினால் நுரை பொங்கும். அதன் மேல் ஓட்டுகிறவர் அசையாமல் உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் அவர் முதுகும் இடுப்பும் அப்படியே அச்சாகி இறுகிவிடும். அண்ணன் உட்கார்ந்தான். நான் ஊற்றினேன்.

"எனக்கு?"

"உனக்கு முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சுக்கலாம் பாப்பா."

தலையணை 310 கிராம்.

ஜூன் 12, புதன்

கல்லூரியில் விடைத்தாள்கள். தத்துவம், இரண்டாம் ஆண்டு. 'காரணம், விளைவு விளக்குக.' அறுபத்து மூன்று பேர். எல்லோரும் 'காரணம் விளைவுக்கு முன்னால் நிகழ வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை.

காஸ் புக் பண்ணினேன்.

ஜூன் 15, சனி

நாளை டிராக் டே. யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. வண்டிக்கு இருபது நிமிடமாக இரண்டு செஷன். முதலாவது அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. இரண்டு வருடத்துக்கு முன்பு, முதல் குழாயை அறுத்த அன்றே பேசியது.

இன்று மாலை, வண்டிக்கு அடியில் படுத்தபடி சொன்னான். முகம் தெரியவில்லை.

"நாளைக்கு ரெண்டு செஷனும் நானே எடுத்துக்கறேன் பாப்பா."

"ரெண்டாவது என்னுது."

"புது வண்டி. எங்க என்ன கழலும்னு யாருக்குத் தெரியும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"உனக்கு ஆச்சுன்னா நான் என்னத்தச் சொல்றது?"

சிரித்தான். "எனக்கு என்ன ஆகப்போகுது."

அவனுக்குப் போன் வந்தது. ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே போய் அரை மணி நேரம் பேசினான். திரும்பி வந்து கையைத் துடைத்தான்.

"முறுக்கியாச்சு. கோடு போட்டுரு."

இங்கே எங்கள் ஷெட்டின் விதியை எழுதி வைக்கிறேன். எழுதினால் ஆத்திரம் குறைகிறதா பார்க்கிறேன். சக்கரங்களைச் சட்டத்தோடு பிடிக்கும் இரும்புக் கைகள் எட்டு. கைக்கு இரண்டு போல்ட். மொத்தம் பதினாறு. ஒருவர் முறுக்க வேண்டும். இன்னொருவர் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை ஒவ்வொன்றிலும் வைத்து, போதிய இறுக்கத்துக்கு அது 'டிக்' என்ற பிறகே வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முறுக்கியவன் கோடு போடக் கூடாது. விதி அவனுடையது.

கோடு போட்டேன். பதினாறு. எல்லாம் நேராக இருந்தன. அரை மணி நேர வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது.

குறையவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

காலை ஏழுக்கு டிராக். பல்லடம் சாலையிலிருந்து உள்ளே, சோளக்காட்டுக்கு நடுவில். பெரிய பெரிய கார்கள் வந்திருந்தன. எங்களுடையதைச் சுற்றித்தான் கூட்டம். 'என்ன வெயிட்டுங்க?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் பதில் சொன்னான். எண்ணை நான் சொல்லியிருந்தேன்.

முதல் செஷன் அவனுக்கு நன்றாகப் போனது, ஏழு சுற்று. இவ்வளவு லேசான வண்டி வளைவில் நுழைவதைப் பார்ப்பது வேறு அனுபவம். மற்ற கார்கள் வளைவில் சாய்ந்து யோசிக்கின்றன. இது யோசிப்பதில்லை.

இடைவேளையில் ஹெல்மெட்டைக் கழற்றியபடி கேட்டான். "கோடெல்லாம் பாத்தியா?"

"ம்."

கேன்டீனுக்குப் போனேன். என் செஷனை அவன் ஓட்டுவதை நின்று பார்க்க எனக்கு மனமில்லை. பஜ்ஜி தின்றேன். எண்ணெய் பழையது. இன்ஜின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வரும்போது சத்தம் இறங்கும், பிறகு ஏறும். ஆறாவது சுற்றில் இறங்கியது. ஏறவில்லை.

ஜூன் 17, திங்கள்

வலது காறை எலும்பு முறிவு. விலா இரண்டில் வீக்கம். தலைக்கு ஒன்றும் இல்லை.

நான்காவது வளைவில் திரும்பாமல் நேராக டயர்ச் சுவரில் போய் முட்டினான். முன்பக்க இடது சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் கிடந்தது. வளைவுக்கு முன் வரிசையாகத் தூரப் பலகைகள் இருக்கின்றன. 150, 100, 50 மீட்டர். எல்லோரும் நூற்றைம்பதில் பிரேக் பிடிப்பார்கள். அவன் நூறில் பிடித்தான். 'வண்டி லேசுன்னு ஓவரா நம்பிட்டாப்ல' என்றார்கள்.

டிராக் அலுவலகத்திலிருந்து விபத்து அறிக்கைப் படிவம் வந்தது. அவனால் எழுத முடியாது. அவன் சொன்னான், நான் எழுதினேன். 'காரணம்' என்ற கட்டம்.

"ஓட்டுனவன் தப்புன்னு போடு. பிரேக் லேட்."

"நல்லா யோசிச்சியா?"

"வேறென்ன இருக்கும் பாப்பா. வண்டிய நாம ரெண்டு பேரும் பாத்திருக்கோம்."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

அவன் சட்டைகளைத் துவைத்தேன். பொத்தான் வைத்த சட்டைகளைத்தான் இனி போட முடியும்.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் கட்டு மாற்றப் போயிருந்தான். ஷெட்டில் நான் மட்டும். மயில்சாமி அண்ணன் டி.வி.எஸ்.ஸில் வந்தார். நான்காவது வளைவில் கொடி காட்டுபவர். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு டிராக் டே முடிந்ததும் அந்தப் புல்லில் நடந்து, வண்டிகளிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில் பொறுக்கி வைத்து, உரியவர்களிடம் கொடுத்துவிடுவார். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை.

"உங்க வண்டியோடதா பாருங்க கண்ணு."

போல்ட். தலையில் பாதி வெள்ளைக் கோடு.

"எங்கங்ண்ணா கெடந்துச்சு?"

"நூத்தம்பது போர்டுக்கும் அந்தப் பக்கமா, போர்டு வர்றதுக்கு முன்னாலயே. புல்லுக்குள்ள."

"முட்டுனப்ப தெறிச்சு வந்திருக்கும்."

அவர் டப்பாவை மூடினார். "சுவரு எங்க இருக்குது, போர்டு எங்க இருக்குது. அவ்வளவு தூரம் பின்னால தெறிக்குமுங்களா?" பிறகு, "எனக்கென்னங்க தெரியும். கொடி ஆட்டறவன். அண்ணங்கிட்டக் குடுத்துருங்க."

டீ வேண்டாம் என்றுவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

போல்ட், 52 கிராம். மரை தேயவில்லை. வளையவில்லை. உடையவில்லை. மோதி அறுந்த போல்ட் இப்படி இருக்காது. தானாகக் கழன்று விழுந்தது இப்படித்தான் இருக்கும். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே.

அவன்தான் முறுக்கவில்லை. போன் வந்தது, எழுந்து போனான், திரும்பி வந்து பதினைந்தைத்தான் முறுக்கியிருந்தான். நான் எழுதுவது உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

போல்ட்டை என் பேனாப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, சனி

டிராக்கிலிருந்து கடிதம். அபாயகரமாக ஓட்டியதற்காக தரணிதரனுக்கு ஓராண்டுத் தடை. வாட்ஸாப் குழுவில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'நூறு மீட்டர் தரணி.' எவனோ ஆமை படம் போட்டு 'இவராச்சும் டயத்துக்கு பிரேக் போடுவாரு' என்று எழுதியிருக்கிறான். அண்ணன் அதற்குச் சிரிப்புப் பொம்மை அனுப்பியிருக்கிறான்.

எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. ஏன் சிரிக்கிறான்? ஏன் ஒருவரிடமும் சண்டை போடுவதில்லை? குற்றத்தை ஒருவன் இப்படி விருந்தாளி மாதிரி உள்ளே அழைத்து உட்கார வைத்தால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்?

அம்மா, "ஏஞ்சாமி, தட்ட இப்படி நங்குன்னு வெக்கற?" என்றாள்.

ஜூலை 11, வியாழன்

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ரசம் போடட்டுமா" என்று கேட்டேன்.

ஜூலை 20, சனி

வண்டியைச் சரிசெய்து முடித்தோம். அவன் ஒற்றைக் கையால் காட்டினான், நான் வெல்டிங் வைத்தேன். அவன் சொல்வதைவிட ஒழுங்காகவே வந்திருக்கிறது. சக்கரத்தின் மடங்கிய இரும்புக் கையைக் கழற்றும்போது காலித் துளையைப் பார்த்தான்.

"இதுல இருந்த போல்ட் எங்க?"

"முட்டுனப்ப போயிருக்கும்."

தலையாட்டினான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். "அடுத்த டிராக் டே ஆகஸ்ட் பதினெட்டு. நீ ஓட்டு பாப்பா. ரெண்டு செஷனும்."

"எலும்பு கூடிட்டு வருதே. தடைய எடுக்கச் சொல்லி எழுதிப் பாக்கலாம்."

"வேண்டாம். என் கணக்கு தப்பிப்போச்சு. எந்த எடத்துல பிடிச்சா நிக்கும்னு எனக்கு உடம்புல தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். தெரியல. அது போனா அப்பறம் ஓட்டக் கூடாது."

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் போய் தண்ணீர்த் தொட்டியை உதைத்தேன். கால் விரல் நகம் கறுத்திருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

அவன் இருக்கையைப் பெயர்த்து எடுத்துவிட்டு எனக்கு ஊற்றினோம். இம்முறை அவன் ஊற்றினான். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நுரை பொங்கும்போது சுடும் என்று அன்று அவன் சொல்லவில்லை.

கச்சிதமாகப் பொருந்துகிறது. 900 கிராம்.

ஆகஸ்ட் 10, சனி

தினமும் சொல்லிக் கொடுக்கிறான். காகிதத்தில் டிராக் வரைகிறான்.

"நாலாவதுல நூத்தம்பது போர்டு வந்ததும் பிரேக்க மிதிச்சிரு. நான் பண்ணுன தப்ப நீ பண்ணிராத."

"நூறுல பிடிச்சா என்ன ஆகும்?"

"அதான் பாத்தியே என்ன ஆகும்னு."

"முதல் செஷன்லயும் நூறுலதான் பிடிச்சியா?"

யோசித்தான். "ஆமா."

"எல்லாச் சுத்துலயுமா?"

"ஆமா. அதிர்ஷ்டம்."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. இவ்வளவு அருகில் வந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறான்.

ஆகஸ்ட் 17, சனி

இன்று அவன் இடது கையால் முறுக்கினான். நான் ரெஞ்சை வைத்தேன். பதினாறு டிக். பதினாறு கோடு. முப்பத்தைந்து நிமிடம்.

"என்ன பாப்பா, இன்னைக்கு இவ்வளவு நேரம்?"

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை எட்டுக்கு ஓட்டுகிறவர்கள் கூட்டம். பொன்னுரங்கம் சார்தான் டிராக் அதிகாரி. நாற்பது பேர் அவர் மேசையைச் சுற்றி நின்றோம். கொடிகளை விளக்கினார். பிறகு வழக்கம்போல் போன டிராக் டேயில் நடந்ததை எச்சரிக்கையாகச் சொன்னார்.

"நாலாவது வளைவு. போன தடவ ஒருத்தர் நூறுல பிரேக் பிடிச்சு நேரா சுவருக்குப் போனாரு. வண்டி லேசா இருக்கலாம். புத்தி கனமா இருக்கணும்."

சிரித்தார்கள். "நூறு மீட்டர் இங்கதான் இருக்காருங்க" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினான். அவனும் சிரித்தான். கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த மயில்சாமி அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஒன்பதரைக்கு என் செஷன்.

முதல் சுற்று மெதுவாக. தரை முதுகுக்கு அடியில் ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது. சிறு கல்லும் தெரிகிறது. வளைவை நினைத்தால் போதும், வண்டி திரும்பிவிடுகிறது. நான் துளை போட்டு எடுத்த ஒவ்வொரு கிராமும் இல்லாதது எனக்குத் தெரிந்தது. அழுதேனா என்று தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் எல்லாம் வியர்வைதான்.

நான்கு சுற்றுகளும் நூற்றைம்பதில் பிடித்தேன். வளைவு வருவதற்குள் வேகம் செத்துவிட்டது. மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மடத்தனமாக இருந்தது. இந்த வண்டிக்கு அது இடமே அல்ல.

ஐந்தாவது சுற்றில் நூற்றைம்பதை விட்டுவிட்டேன். புல்லில் போல்ட் கிடந்த இடம் கடந்தது. பலகை தோளைக் கடந்தது. நூறு. மிதித்தேன்.

திரும்பியது. ஒரு முனகல்கூட இல்லாமல்.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது. நூறு. நூறு. நூறு.

அவன் உடம்புக்குத் தெரிந்தது சரிதான். பன்னிரண்டு சுற்று சரியாக இருந்தவன், பதின்மூன்றாவதிலும் சரியாகத்தான் இருந்தான்.

வண்டிகள் நிற்கும் பிட்டில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பையிலிருந்து பேனாப் பெட்டியை எடுத்துக்கொண்டு பொன்னுரங்கம் சார் மேசைக்குப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்தான். "பாப்பா, நூறுல பிடிக்கற. பாத்துட்டுத்தான் இருந்தேன். என்ன பழக்கம் இது?"

போல்ட்டை மேசையில் வைத்தேன்.

"இது முன்பக்க இடது. மயில்சாமி அண்ணன் நூத்தம்பது போர்டுக்கு முன்னாடி எடுத்தது. பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாலயே கழண்டிருச்சு. ஓட்டுனவன் தப்பு இல்ல. அந்த அறிக்க பொய். எழுதுனது நான்."

சார் போல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மரையைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். "எப்பக் கெடச்சுது?"

"ஜூன் இருபத்து மூணு."

"இன்னைக்கு என்ன தேதி?"

அண்ணன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிக் கோட்டை.

"கோடு இருக்குதே," என்றான். "நீ ரெஞ்ச் வெச்சுத்தானே போட்டே?"

"இல்ல."

"இது ஒண்ணுக்கா?"

"பதினாறுக்கும்."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு மாதமாக நான் எதற்குக் காத்திருந்தேனோ அது வந்தது. கத்தவில்லை. என் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நேராகப் பார்த்துச் சொன்னான்.

"நான் ஒண்ண மறந்தேன். நீ பதினாறையும் தெரிஞ்சே விட்டே. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நானே நம்பறேன், நீ பக்கத்துல உக்காந்து ரசம் ஊத்தற."

பிறகு திரும்பி நடந்தான்.

சார் போல்ட்டைக் கீழே வைத்தார். "தடை என் கையெழுத்து. நானே எடுத்தர்றேன்," என்றார். "அடுத்த செஷன் பத்து நாப்பது. பேரு மாத்தறதுன்னா இப்பவே மாத்து."

பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு 'தரணிதரன்' என்று எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தது.

வண்டிக்குப் போனபோது அவன் துணியில் தின்னர் நனைத்து, நேற்று நான் போட்ட கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒன்று விடாமல் பதினாறையும். என் இருக்கையைப் பெயர்த்துத் தரையில் போட்டிருந்தான். அதில் அவன் இடுப்பு நுழையாது. வெறும் தகட்டில் இரண்டு துண்டை மடித்து வைத்திருந்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக முறுக்கினான். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசிப் போல்ட் முடிந்ததும், முகத்தைப் பார்க்காமல், ரெஞ்சையும் பெயிண்ட் பேனாவையும் என் பக்கம் நீட்டினான்.

வாங்கவில்லை. "வேற யாரையாச்சும் போடச் சொல்லுண்ணா."

"வேற யாரு இருக்கா?" என்றான். ஆத்திரம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை. "முறுக்குனவன் கோடு போடக் கூடாது. பிடி."

பதினாறு டிக். அவன் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றையும் காதால் எண்ணினான். பதினாறு கோடு.

அவன் கிளம்பியதும் நான்காவது வளைவுக்கு ஓடினேன். மயில்சாமி அண்ணன் தள்ளி நின்று இடம் கொடுத்தார். முதல் மூன்று சுற்றும் நூற்றைம்பதில் பிடித்தான். பயந்து, மாட்டு வண்டி மாதிரித் திரும்பினான். நான் கம்பியைப் பிடித்திருந்தேன். தொட முடியாத சூடு.

நான்காவது சுற்று. நூற்றைம்பது பலகையைத் தாண்டினான். சத்தம் இறங்கவில்லை. நூறில் இறங்கியது. சக்கரம் திரும்பியது. வண்டி எங்களைக் கடந்தது.

ஏறியது.

"அன்னைக்குப் பிடிச்ச அதே எடந்தானுங்க," என்றார் மயில்சாமி அண்ணன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் அண்ணன் தட்டை நங்கென்று வைத்தான். அம்மா என்னைப் பார்த்தாள்.

விபத்து அறிக்கையின் புதுப் படிவம் மேசை மேல் கிடக்கிறது. 'காரணம்' என்ற கட்டம் சிறியது. பின்பக்கத்திலும் எழுதினேன்.